சொன்னா அவுட்

அந்த மழலையர் பள்ளியின் கிளி வகுப்பில் மொத்தம் பதினெட்டுப் பிள்ளைகள். எல்லாருக்கும் நாலு வயது, அல்லது நாலுக்கு ஒரு மாதம் முன்னே பின்னே. அந்தப் பதினெட்டையும் கட்டி மேய்க்கும் டீச்சருக்கு விளையாட்டு டீச்சர் என்றே பெயர். மற்ற வகுப்புகளில் 'அ' எழுதச் சொன்னால் பிள்ளைகள் மூக்கைச் சிந்தும். இவள் ஒரு தட்டில் மணலைப் பரப்பி விரலால் எழுதச் சொல்வாள், அழிக்கச் சொல்வாள், மறுபடி எழுதச் சொல்வாள். பாட்டில் மூடிகளை நிறம் பிரித்து அடுக்கச் சொல்வாள். துணி காயப்போடும் கிளிப்பை அட்டை ஓரத்தில் வரிசையாக மாட்டச் சொல்வாள். அதில் எண்ணிக்கையும் வந்துவிடும், பென்சில் பிடிக்க விரலுக்கு வலுவும் வந்துவிடும். புதிதாகச் சேரும் டீச்சர்களை, "போய் கிளி வகுப்பைப் பாருங்க" என்று பள்ளியை நடத்தும் மேடமே அனுப்பி வைப்பார்.

அவளிடம் இருந்த நாற்பது ஐம்பது விளையாட்டுகளில் ஒன்றே ஒன்றுதான் பிள்ளைகளுக்காக உண்டானதில்லை. அது அவளுக்காக உண்டானது. கல் விளையாட்டு.

பகல் பதினொன்றரைக்கு மேல் அந்த அறையில் காது வைத்துக்கொண்டு இருக்க முடியாது. பசி ஒரு பக்கம், தூக்கம் ஒரு பக்கம், அடிதடி ஒரு பக்கம். அப்போதுதான் அவள் கையைத் தட்டி, "எல்லாரும் கல்லு!" என்பாள். உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடி, நின்றவர் நின்றபடி. பேசினால் அவுட், சிரித்தால் அவுட், அசைந்தால் அவுட். கடைசி வரைக்கும் கல்லாக இருப்பவருக்கு நெற்றியில் ஒரு நட்சத்திரம். ஐந்து நிமிஷம் அமைதி கிடைக்கும். அந்த ஐந்து நிமிஷத்துக்காக அவள் காலையிலிருந்தே ஏங்குவாள்.

அந்த விளையாட்டில் ஒருத்தி மட்டும் ஒரு நாளும் தேறியதில்லை. குண்டுக் கன்னமும் உருண்டைக் கண்ணுமாக இருப்பாள், பட்டாணி என்று வகுப்பே கூப்பிடும். பட்டாணிக்கு வாய் ஓயாது. செருப்பைக் கழற்றும்போது பேச ஆரம்பித்தால் திரும்பச் செருப்பு மாட்டும்போதுதான் நிறுத்துவாள். கல் என்று சொல்லி ஐந்து எண்ணுவதற்குள், "டீச்சர், நான் பேசவே இல்ல பாருங்க!" என்பாள். அவுட்.

ஒரு நாள் தலைவலியோடு இருந்த டீச்சர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள்: "பட்டாணியால மட்டும் முடியவே முடியாது. சூடான வாணலியில போட்ட மாதிரி படபடன்னு வெடிச்சிக்கிட்டே இருக்கும்."

பதினேழு பிள்ளைகளும் சிரித்தன. பட்டாணியும் கூடவே சிரித்தாள். ஆனால் சிரித்து முடித்த பிறகு உதட்டை உள்ளே மடக்கிக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தபடி இருந்தாள். டீச்சர் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மூடிகளைப் பொறுக்கி டப்பாவில் போடப் போய்விட்டாள்.

அடுத்த வாரத்திலிருந்து பட்டாணி தோற்கவே இல்லை. உதட்டை உள்ளே மடக்கிக்கொண்டு, கண்ணை ஒரே இடத்தில் நிறுத்திக்கொண்டு, ஈ வந்து மூக்கில் உட்கார்ந்தாலும் அசைய மாட்டாள். தினமும் நெற்றியில் நட்சத்திரத்தோடு வீட்டுக்குப் போனாள். "எப்படி இருந்தவ எப்படி ஆயிட்டா பாருங்க!" என்று டீச்சர் ஆயாம்மாவிடம் பெருமையாகச் சொன்னாள். ஆயாம்மா பாயை விரிக்கப் போய்விட்டார். பதினோரு வருஷமாக அந்தப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கால் கழுவி, மூக்குத் துடைத்து, தூங்க வைத்துக்கொண்டிருக்கும் பெண்மணி அவர். அதிகம் பேச மாட்டார்.

அது நடந்தது ஒரு மழை நாளில். வெளியே விட முடியாததால் பதினெட்டும் காலையிலிருந்து அறைக்குள்ளேயே குதித்துக்கொண்டிருந்தன. ஒரு பையனுக்கு வயிறு சரியில்லை. உடுப்பை அசிங்கமாக்கிக்கொண்டு நின்றான். ஆயாம்மா அவனைக் கழுவிவிடக் குளியலறைக்குக் கூட்டிப் போனார். அதே நேரம் பக்கத்து ஓய்வறையிலிருந்து பாட்டு டீச்சர் எட்டிப் பார்த்து, "டீ வந்திருக்கு, ஆறிப்போறதுக்குள்ள வா. எங்க மாமியார் கதை ஒண்ணு இருக்கு, கேட்டா விழுந்து விழுந்து சிரிப்ப" என்றாள்.

வகுப்பில் பெரியவர் ஒருவராவது இருக்கவேண்டும் என்பது பள்ளியின் சட்டம். அது அவளுக்குத் தெரியாததில்லை. ஆனால் சூடாக ஒரு டீ குடித்து எத்தனை நாள் ஆகிறது! ரெண்டே நிமிஷம், ஆயாம்மாவும் வந்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டாள். கையைத் தட்டினாள். "எல்லாரும் கல்லு! நான் வர்ற வரைக்கும் யாரு கல்லா இருக்காங்களோ, அவங்களுக்கு இன்னைக்கு ரெண்டு நட்சத்திரம்!"

சொல்லிக்கொண்டே வெளியே வந்து கதவை இழுத்தாள். கதவு முழுசாக மூடவில்லை. என்னவோ தடுத்தது. மழைக்கு மரம் உப்பிக் கிடக்கிறது என்று நினைத்து, அப்படியே விட்டுவிட்டுப் போனாள்.

மாமியார் கதை உண்மையிலேயே நல்ல கதைதான். அவள் கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திரும்பும்போது பன்னிரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. கதவைத் தள்ளித் திறந்தாள்.

பாதிப் பிள்ளைகள் தரையில் உருண்டுகொண்டிருந்தன. பட்டாணி கதவுக்குப் பின்னால், கீல் இருக்கும் பக்கம் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கோடாக இறங்கிச் சட்டையின் கழுத்துப் பட்டை நனைந்திருந்தது. உதடு உள்ளே மடங்கியிருந்தது. கதவு திறந்ததும் கீல் இடுக்கிலிருந்து விடுபட்ட வலது கையைத் தூக்கிக் காட்டினாள். ஆள்காட்டி விரலின் நுனி கறுத்து, நகம் பாதி தூக்கிக்கொண்டு, ரத்தம் மணிக்கட்டு வரைக்கும் வழிந்திருந்தது.

"டீச்சர், நான் கல்லாவே இருந்தேன்" என்றாள் பட்டாணி. "ஜெயிச்சிட்டேனா?"

அதன் பிறகு நடந்ததெல்லாம் டீச்சருக்குத் தலை கால் புரியாமல் நடந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியது, மேடத்தின் வண்டி, மருத்துவமனை, எலும்பு உடையவில்லை என்று டாக்டர் சொன்னது, நகத்தை எடுத்தது. மூச்சிரைக்க ஓடிவந்த பட்டாணியின் அம்மா, குழந்தையை வாங்கிக்கொண்டதும் டீச்சரின் கையைத்தான் பிடித்துக்கொண்டாள். "தூக்கிட்டு ஓடியாந்திருக்கீங்களே டீச்சர். நீங்க இருந்ததால ஆச்சு" என்றாள். டீச்சருக்கு அந்தக் கையை உருவிக்கொள்ளவும் தெரியவில்லை, பிடித்துக்கொள்ளவும் தெரியவில்லை.

மாலை மேடம் விபத்துப் புத்தகத்தை எடுத்து முன்னால் வைத்தார். டீச்சர் எழுதினாள்: 'நான் அவசர வேலையாகப் பக்கத்து அறைக்குச் சென்றிருந்தபோது, குழந்தை கதவருகே விளையாடி விரலை நசுக்கிக்கொண்டது. உடனே கவனிக்கப்பட்டது.' உடனே என்ற சொல்லை எழுதும்போது பேனா ஒரு கணம் நின்றது. பிறகு மேலே ஓடியது.

மேடம் படித்துப் பார்த்தார். "நீ பக்கத்து ரூம்ல இருந்தே, சரி. ஆயாம்மா எங்க போயிருந்தாங்க?"

"ஒரு பையனைக் கழுவிவிட..."

"அவ்வளவு நேரமா? ஒருத்தர் வெளிய போனா இன்னொருத்தர் உள்ள இருக்கணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"

ஆயாம்மா போன பிறகுதான் நான் வெளியே போனேன், அவங்க மேல தப்பே இல்லை என்று சொல்ல அதுதான் நேரம். வாய் வரைக்கும் வந்தது. சொல்லாமல் பேனாவை மூடி வைத்தாள். மறுநாள் ஆயாம்மாவைச் சமையலறைப் பக்கம் பாத்திரம் கழுவ மாற்றிவிட்டார்கள். எதிரில் பார்த்தபோது, "வணக்கம் டீச்சர்" என்று எப்போதும் போலச் சொல்லிவிட்டுப் போனார். அதற்கு அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று டீச்சருக்குத் தோன்றியது.

மூன்றாம் நாள் பட்டாணி கட்டுப் போட்ட விரலோடு வந்தாள். டீச்சர் அவளுக்கு மட்டும் பெரிய மணல் தட்டைக் கொடுத்தாள், இடது கையால் எழுதச் சொன்னாள், கதை சொல்லும்போது மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். கல் விளையாட்டை அடியோடு விட்டுவிட்டாள். ஆனாலும் பட்டாணி பேசவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். மற்ற நேரம் உதட்டை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் கணவர், "உடம்புக்கு என்ன?" என்று கேட்டபோது, "ஒண்ணுமில்ல, மழை" என்றாள்.

எட்டாம் நாள் மாலை பட்டாணியின் அம்மா வகுப்பு வாசலில் நின்றாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கும் வேலை அவளுக்கு. நேராக அங்கிருந்துதான் வந்திருந்தாள். வெள்ளை மேலுடுப்பு கைப்பையில் சுருட்டிக் கிடந்தது.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். இவ விரல்ல கட்டு மாத்தறப்போ அழவே மாட்டேங்கறா. தைரியசாலின்னு டாக்டர் சொன்னார். எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. ஆனா நேத்து காதுல சீழ் வடியுது, உடம்பு கொதிக்குது, ஒரு வார்த்தை சொல்லல. தலையணையில கறை பார்த்துத்தான் எனக்கே தெரிஞ்சுது. நாள் முழுக்க ஊசி குத்தறவ நான். எந்த வயசுப் பிள்ளை எவ்வளவு நேரம் அழும்னு எனக்குத் தெரியும். இது தைரியம் இல்ல டீச்சர். ஏன்டி சொல்லலன்னு கேட்டா, 'சொன்னா அவுட்'ங்கறா. அது என்ன? உங்களுக்குத் தெரியுமா?"

டீச்சர் சிதறிக் கிடந்த மூடிகளைக் குனிந்து பொறுக்கினாள். "தெரியலையே" என்றாள். "பசங்களுக்குள்ள ஏதாவது விளையாடியிருப்பாங்க. நான் விசாரிக்கறேன்."

"கொஞ்சம் பாருங்க டீச்சர். உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்."

அம்மாவும் பெண்ணும் தெருவைக் கடப்பதை ஜன்னலில் நின்று பார்த்தாள். பொய் சொன்னது புதிதில்லை, விபத்துப் புத்தகத்தில் எழுதியதும் பொய்தான். ஆனால் அன்று சொன்ன பொய் காகிதத்தோடு போயிற்று. இன்று சொன்ன பொய், காய்ச்சலோடு வாயை மூடிக்கொண்டு போகிற ஒரு பிள்ளையின் கூடவே வீட்டுக்குப் போகிறது. அது அவளுக்குப் புரிந்தபோது ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பள்ளிக்குப் போகாமல் பரிசோதனை நிலையத்துக்குப் போனாள். வெறும் வயிற்றோடு வந்தவர்கள் கையில் சீட்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இவளும் சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். முறை வந்தபோது திரைக்குப் பின்னால் போய், கை நீட்ட வசதியாகப் பலகை வைத்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பட்டாணியின் அம்மா ரப்பர் பட்டையைக் கையில் எடுத்துக்கொண்டே திரும்பினாள்.

"அட, டீச்சர்! உடம்புக்கு என்ன? என்ன டெஸ்ட் எழுதியிருக்காங்க?"

"டெஸ்ட் எதுவும் இல்ல." டீச்சர் பலகையின் மேல் கையை நீட்டியபடியே சொன்னாள். "சொன்னா அவுட்னா என்னன்னு எனக்குத் தெரியும். நான்தான் கத்துக்குடுத்தேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். வாணலி என்று கேலி செய்தது, நட்சத்திரம், டீ, மாமியார் கதை, பன்னிரண்டு நிமிஷம், ஆயாம்மா மேல் விழுந்த பழி. கடைசியில் வேறு யாரிடமும் சொல்லாததையும் சொன்னாள். "கதவை மூடினதே நான்தான். மூடும்போது ஏதோ தடுத்துச்சு. எனக்குத் தெரிஞ்சுது."

"தெரிஞ்சுதா?"

"மரம் உப்பியிருக்குன்னு நெனச்சேன். திரும்பிப் பார்க்கல."

பட்டாணியின் அம்மா கையில் இருந்த ரப்பர் பட்டையை ஒருமுறை இழுத்தாள். விட்டாள். திட்டுவாள் என்று டீச்சர் காத்திருந்தாள். அழுவாள் என்றும் நினைத்தாள். இரண்டும் நடக்கவில்லை.

"அன்னைக்கு உங்க கையைப் பிடிச்சேனே" என்றாள். பிறகு, "எழுந்திரிங்க. அடுத்தவங்க சாப்பிடாம காத்திருக்காங்க" என்று திரையை விலக்கி அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள்.

டீச்சர் அங்கிருந்து நேராக மேடத்திடம் போய் அதையே மறுபடி சொன்னாள். மேடம் விபத்துப் புத்தகத்தைத் திறந்து, அந்தப் பக்கத்திலேயே கீழே நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னார். ஒரு வாரம் பள்ளிக்கு வரவேண்டாம் என்றார். "உன்னைப் பாருங்கன்னு எல்லாருக்கும் காட்டிக்கிட்டு இருந்தேனே" என்று மட்டும் சொன்னார். அது சுருக்கென்று குத்தியது.

சமையலறை வாசலில் ஆயாம்மா பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் போய் முன்னால் நின்றாள். "ஆயாம்மா, நான் மேடம்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"சரி."

"முதல் நாளே சொல்லியிருக்கணும்."

ஆயாம்மா ஈரக் கையைத் துணியில் துடைத்தார். "நீங்க சொல்லுவீங்கன்னுதான் பார்த்தேன் டீச்சர். இன்னைக்குச் சொல்லுவாங்க, நாளைக்குச் சொல்லுவாங்கன்னு பார்த்தேன். ஒம்பது நாள் பார்த்தேன்." மறுநாளே கிளி வகுப்புக்குத் திரும்பி வந்துவிட்டார். ஆனால் முன்பெல்லாம் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் டீச்சரும் அவரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். டீச்சர் பள்ளிக்குத் திரும்பிய பிறகும் அந்தப் பழக்கம் திரும்பி வரவில்லை. அவர் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விடுவார்.

ஒரு வாரம் கழித்து டீச்சர் பள்ளிக்கு வந்த அன்று பட்டாணியின் அம்மா வாசலில் நின்றாள்.

"வேற வகுப்புக்கு மாத்தவான்னு மேடம் கேட்டாங்க. வேணாம்னுட்டேன்." முகத்தில் சிரிப்பில்லை. "அந்த 'சொன்னா அவுட்' நீங்க உள்ள போட்டது. நீங்களே எடுத்துப் போடுங்க."

எடுப்பது லேசான வேலையாக இல்லை. டீச்சர் தனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் இறக்கிப் பார்த்தாள். சிங்கம் போல, காக்கை போல, கதவு கிறீச்சிடுவது போலக் கத்தும் விளையாட்டு வைத்தாள். பதினேழு பிள்ளைகளும் கூரை பிய்ந்துபோகக் கத்தின, பட்டாணி பார்த்துக்கொண்டிருந்தாள். பொம்மை ஆஸ்பத்திரி வைத்தாள். யாருக்கு எங்கே வலி என்று சொன்னால் அங்கே காகிதக் கட்டு. காது, முழங்கால், மூக்கு, ஒருவனுக்குத் தலைமுடி வலித்தது. பட்டாணியின் முறை வந்தபோது, "எனக்கு வலிக்கல" என்றாள்.

மூன்று வாரம் இப்படியே போனது. ஒரு நாள் பொம்மை ஆஸ்பத்திரியில் யோசிக்காமலேயே டீச்சர் முறையை மாற்றிவிட்டாள். தானே பாயில் படுத்துக்கொண்டாள். "இன்னைக்கு நான் நோயாளி. பட்டாணிதான் டாக்டர்" என்றாள். பட்டாணி பாட்டில் மூடியை அவள் மார்பில் வைத்துப் பார்த்தாள்.

"எங்க வலிக்குது?"

டீச்சர் பதில் சொல்லவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"கையா?" பதில் இல்லை. "வயிறா?" பதில் இல்லை. மற்ற பிள்ளைகளும் சுற்றி வந்து நின்றன. பட்டாணி காலைத் தொட்டாள், காதை இழுத்தாள், இமையைத் தூக்கிப் பார்த்தாள். அவளுக்குப் பொறுமை போய்விட்டது. மூடியைத் தரையில் போட்டாள்.

"சொல்லுங்க டீச்சர்! சொன்னாத்தானே டாக்டருக்குத் தெரியும்!"

ஒரு மாதத்துக்கு மேலாக அந்தக் குரல் அவ்வளவு சத்தமாக வந்ததில்லை. டீச்சர் மெல்ல வாயைத் திறந்தாள். "சொன்னா அவுட் ஆயிடுவேனே?"

பட்டாணி மூடியைப் பொறுக்கி மறுபடி அவள் மார்பில் வைத்தாள். "வலிச்சா சொல்லலாம்" என்றாள். "அது அவுட்ல வராது."

"யாரு சொன்னா?"

"நான்தானே டாக்டர்."

டீச்சர் எழுந்து உட்கார்ந்தாள். "அப்போ உனக்கும் அன்னைக்கு வலிச்சுதா, பட்டாணி?"

குழந்தை தன் வலது கையைப் பார்த்தது. "ம். ரொம்ப. நீங்க கதவை இழுத்தீங்கள்ல, அப்போ." யாருக்கும் கேட்காதபடி பக்கத்தில் வந்து சொன்னாள்: "அம்மாகிட்ட சொல்லல. நீங்க அவுட் ஆயிடுவீங்கன்னு."

பிள்ளைகள் முன்னால் அழக்கூடாது என்று இத்தனை வருஷம் வைத்திருந்த கட்டுப்பாடெல்லாம் போய், டீச்சர் பாயில் உட்கார்ந்தபடியே அழுதாள். பிள்ளைகள் விழித்தன. ஆயாம்மா கதவோரத்திலிருந்து வந்து, பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துக் கை கழுவக் கூட்டிப் போனார்.

அன்று மாலை டீச்சர் பட்டாணியின் அம்மாவிடம் அந்தப் பேச்சை ஒரு சொல் விடாமல் சொன்னாள், கடைசி வரியையும் சேர்த்து. அம்மா கேட்டுக்கொண்டாள். குழந்தையின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பட்டாணி ஒரே நாளில் பழைய பட்டாணியாகிவிடவில்லை. சில நாள் பேசுவாள், சில நாள் உதட்டை மடக்கிக்கொள்வாள். நகம் ஒரு பக்கமாகச் சாய்ந்து முளைத்தது. பென்சில் பிடிக்கும்போதெல்லாம் அது டீச்சரின் கண்ணில் படும். டீச்சர் பார்வையைத் திருப்பிக்கொள்வதில்லை என்று தனக்குத் தானே ஒரு கண்டிப்பு வைத்துக்கொண்டாள்.

பள்ளி ஆண்டு முடிய ஒரு மாதம் இருக்கும்போது, ஒரு காலையில் பட்டாணியின் அம்மா குழந்தையை விட்டுவிட்டுத் திரும்பியவள், ரெண்டடி போய் நின்றாள்.

"நேத்து தலைக்குச் சிக்கெடுத்தேன்" என்றாள். "கத்தினா பாருங்க ஒரு கத்து. பக்கத்து வீட்டுக்காரங்க ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாங்க. கொலைகாரி, வலிக்குது விடுன்னு என்னையே திட்டறா."

"அப்படியா" என்றாள் டீச்சர்.

"அரை மணி நேரம் அழுதா. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தேன்." அம்மாவின் வாயோரம் ஏதோ அசைந்தது போலிருந்தது. சிரிப்பா என்று டீச்சருக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. "சரி, நான் வரேன். வேலைக்கு நேரமாச்சு."

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. டீச்சரும் கேட்கவில்லை. அம்மா தெருமுனை திரும்பும் வரை டீச்சர் வாசலில் நின்றாள். உள்ளே யாரோ யாருடைய களிமண்ணையோ பிடுங்கிக்கொண்டார்கள். அழுகைச் சத்தம் கேட்டது. டீச்சர் கதவைச் சுவரோடு கொக்கி மாட்டி நிறுத்திவிட்டு உள்ளே ஓடினாள்.